அறுபது வரை எண்ணுவது

நனைந்த நாளில் சக்கிமுக்கித் துப்பாக்கி வெடிக்காது என்று சொல்கிறவர்களுக்கு அதைத் துடைத்து வைக்கத் தெரியாது, சார். அவ்வளவுதான் விஷயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. நாற்பத்தைந்து வருஷமாக இந்த மலையில் மழையிலும் பனியிலும் நான் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். என் கவனக்குறைவால் அது சுடாமல் போனது மூன்று முறை. அதன் குற்றத்தால் ஒருமுறைகூட இல்லை.

வேட்டைக்குக் கல்லா, கேப்பா, எது நல்லது என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினீர்கள். இந்த எல்வுட் பாட்டார்ஃபின் வாயைத் திறக்க வைக்க அதைத்தான் கேட்க வேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் உறையையும் பார்த்துவிட்டேன். அதற்கு வருகிறேன். என் மனைவியின் அண்ணன் ரஸல் கிளிங்கர் இறந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அரைமணி நேரம் பொறுத்தால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

உங்கள் கையைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் வேட்டைக்காரர் இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு துப்பாக்கியிலும் வாய் வழியாகத்தான் மருந்து கெட்டிக்க வேண்டும். அளந்து மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணியில் சுற்றி, கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். வித்தியாசம் நெருப்பு வைப்பதில்தான். அதைச் செய்கிற பக்கவாட்டு இயந்திரத்தைப் பூட்டு என்போம். கல் பூட்டில் சுத்தியின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்தால் அது இரும்பில் உரசும், பொறி பறக்கும், வெளியே ஒரு சின்னக் கிண்ணியில் தூவியிருக்கும் மருந்து பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போகும். கிண்ணி எரிவதற்கும் குழல் வெடிப்பதற்கும் நடுவில் அரை இமைப் பொழுது உண்டு. மான் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். பிழைக்க அதற்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். சுடுகிறவனும் அந்த நேரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

கேப் பூட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பட்டாணி அளவில் ஒரு செப்புக் கேப்பை முனையில் மாட்டி, சுத்தியால் தட்டினால் தீர்ந்தது. மழையா, பனியா, குடிகாரனா, எதுவும் கவலையில்லை. சோம்பேறிகளுக்காகச் செய்தது. கடையில் அதை வாங்கிக்கொண்டு, முன்னோர் வழியில் வேட்டையாடுகிறோம் என்று பீற்றிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மாநிலத்தில் அக்டோபரில் ஒரு வாரம் இரண்டுக்கும் அனுமதி உண்டு. கிறிஸ்துமஸ் மறுநாள் தொடங்கி ஜனவரியிலும் நீளும் பருவத்தில் கல் மட்டும்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில நேரம் கிண்ணி எரியும், குழல் வெடிக்காது. செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஈர மருந்தில் நெருப்பு உள்ளே ஊர்ந்துகொண்டே இருக்கலாம். அப்படி நடந்தால் குழலைக் குறியைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு, அசையாமல், அறுபது வரை எண்ண வேண்டும். இது எங்கள் முகாமில் பைபிளுக்கு அடுத்த படி.

முகாம் என்றால் கிளிங்கர் ஓடைக்கு மேலே ரஸலின் அப்பா கட்டிய மரக் குடிசை. அதன் சுவர் முழுக்கச் சட்டைத் துணி. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை வெட்டி, பெயரும் வருஷமும் எழுதி ஆணி அடித்துவிடுவோம். என்னுடையதே மூன்று தொங்குகிறது. அடித்ததைக் கழற்றுவதில்லை. ஆள் செத்தாலும் துணி இருக்கும்.

என் மகன் கேலனுடையதும் ஒன்று அங்கே இருந்தது. பத்தொன்பது வயதில் கொம்புள்ள ஆண் மான் ஒன்றைத் தவறவிட்டான். கிண்ணி பளிச்சென்றதும் கண்ணை மூடிக்கொண்டான். ரஸல்தான் நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டையை வெட்டினான். வெட்டிவிட்டு, "இந்த வெளிச்சம் மானைவிட உன்னைத்தான் அதிகமா மெரட்டுது மாப்ள. உங்கப்பன் பேச்சக் கேட்டா நீ சட்டையில்லாமதான் திரியணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கேலனும் சிரித்தான். அப்படித்தான் வளைந்து போனான் அவன், மாமன் பக்கம்.

ரஸல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவனைப் பிடிக்கும். அக்டோபரில் கேப், ஜனவரியில் கல் என்று இரண்டையும் வைத்துக்கொள்வான். கேட்டால், "மழை பேஞ்சா ரப்பர் பூட்ஸ் போடுறதில்லையா? அதுமாதிரிதான் எல்வுட். காலணிக்கெல்லாம் கற்பு பாக்காத" என்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்து வாழ்கிறவர்களை ஊருக்குப் பிடிக்கும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் கேலன் ஒரு கேப் பூட்டு வாங்கி வந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. அவன் துப்பாக்கியும் என்னுடையதும் நான் ஒரே அச்சில் செய்தவை. அந்தப் பூட்டு இரண்டுக்கும் பொருந்தும். மாற்ற இரண்டு திருகாணி, துளைக்கு ஒரு அடைப்பு, பத்து நிமிட வேலை. அக்டோபர் வாரத்துக்கு முன்னால் களஞ்சியத்தில் என் மேஜைமேல் அதை வைத்துவிட்டுக் கேட்டான்.

"இந்த ஒரு வாரம் மட்டும் போட்டுக்கறேம்பா. வாரம் பூரா தூறல்னு சொல்றாங்க. சட்டமே சரிங்குது."

"சட்டத்த எழுதினவன் கடைக்காரன்கிட்ட காசு வாங்கியிருப்பான். என் வீட்டுல கல்லுதான். கேப் வேணும்னா உன் மாமன் வீட்டுல போய்ப் படுத்துக்க."

அவன் பூட்டை எண்ணெய்த் தாளில் சுற்றி என் கீழ் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனான். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் புதன்கிழமை தூறல். நான் மேலே பாறை விளிம்பில், கேலன் கீழே ஓடைக்கரையில், ரஸல் இருவருக்கும் நடுவில். நான்கு பெண் மான்கள் வந்தன. கேலன் விசையை இழுத்தான். கிண்ணி எரிந்தது, குழல் வெடிக்கவில்லை. அவன் குறியிலேயே பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். ஒன்பதோடு நிறுத்திவிட்டான். துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, துளையைக் குத்திச் சுத்தம் செய்யக் குனிந்தான். குழலின் வாய் அவன் தாடைக்குக் கீழே இருந்தது. அப்போது வெடித்தது.

அந்தத் துப்பாக்கியை அணைக்கட்டில் போட்டுவிடச் சொன்னாள் என் மனைவி வெர்னா. போட்டுவிட்டேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் எண்ணலையா?"

"ஒன்பது வரைக்கும் எண்ணினான்" என்றேன். பொய் இல்லை, சார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அன்றிலிருந்து அவள் அவனைத் திட்டுகிறாள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, காரில் போகும்போது. அவசரக்குடுக்கை என்கிறாள். சின்ன வயதில் படியில் விழுந்தது, சாலையில் ஓடியது, எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டுகிறாள். கல்லறைக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. பிள்ளையை இழந்தவள் யாரையாவது திட்டித்தானே ஆக வேண்டும். நான் குறுக்கே பேசவில்லை. பேசாமல் இருப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இந்த வருஷப் பிறப்பன்று ரஸல் சாப்பிட வந்தான். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும்தான். பன்றி முன்னால் பார்த்துக் கிளறும், கோழி பின்னால் சீய்க்கும், அதனால் வருஷத்தின் முதல் நாள் கோழி ஆகாது என்பார்கள். ரஸல் அன்று பழசைச் சீய்க்கிற கோழியாக வந்தான். சாப்பாடு பாதியில் இருக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வெர்னாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நீலக் கட்டம் போட்ட துணி. கேலனின் சட்டை வால். முகாம் சுவரிலிருந்து கழற்றியிருந்தான்.

எனக்குக் காது மடல் வரை சூடேறியது. எழுபது வருஷமாக அந்தச் சுவரிலிருந்து யாரும் ஒன்றைக் கழற்றியதில்லை. யாரைக் கேட்டுக் கழற்றினான்?

வெர்னா ஆணி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அறுபது எண்ணத் தெரியாத பிள்ளையப் பெத்தேன். மான் பின்னாடி போறதுலயும் அவசரம், சாவுறதுலயும் அவசரம்."

ரஸல் என்னைப் பார்த்தான். நான் இன்னொரு கரண்டி முட்டைக்கோசு போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டபின் களஞ்சியத்துக்கு என் பின்னாலேயே வந்தான். அவன் கோபப்பட்டுப் பேசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தி, விஷயம் அதோடு போயிருக்கும். அவன் தணிவாகப் பேசினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எல்வுட், போதும். ரெண்டு வருஷமா அவ செத்த பிள்ளையத் திட்டிக்கிட்டு இருக்கா. நானும் வாய மூடிக்கிட்டு உன் வீட்டுல சாப்புடுறேன். இனிமே எனக்கு தொண்டைல எறங்காது."

"என்ன சொல்ல வர்ற?"

"நான் நடுவுல நின்னவன். நீ மேலருந்து கத்தினது எனக்குக் கேட்டுச்சு. அவன் எண்ணிக்கிட்டுதான் இருந்தான். 'எண்ணிக்கிட்டு நிக்காதடா முட்டாள், மான் போகுது, தொளையக் குத்திட்டு மறுபடி மருந்தப் போடு'ன்னு கத்தினது யாரு? அப்பா சொல்றாரேன்னு துப்பாக்கிய எறக்கினான்."

நான் மேஜைமேல் கிடந்த அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னேன், அவனுக்கு இருபத்தாறு வயசு, விதி அவனுக்கும் தெரியும் என்று.

"தெரியும். உன்ன எதுத்துப் பேசக்கூடாதுங்கறதும் அவனுக்குத் தெரியும். அவன் கேட்ட பூட்டக் குடுத்திருந்தா இன்னைக்கு நம்மகூட ஒக்காந்து சாப்ட்டிருப்பான். ஞாயித்துக்கெழமைக்குள்ள நீயே அவகிட்ட சொல்லிடு. இல்லன்னா நான் சொல்வேன். அவ என் தங்கச்சி." கதவருகே போய்த் திரும்பி நின்றான். "நாளைக்கு முகாமுக்கு வர்றல்ல? மழையும் பனியும் கலந்து வரும்னாங்க. மருந்த நல்லா மூடி எடுத்துட்டு வா."

அவ்வளவு பேசிவிட்டு நாளைக்கு வேட்டைக்குக் கூப்பிடுகிறான், பாருங்கள். மன்னிக்கிறவன் மாதிரி. என்னை மன்னிக்க அவன் யார்? தவளையும் தன் வாயால் கெடும் என்பது சரிதான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. ஆத்திரம் வந்தால் என் கை நிதானமாகிவிடும். வெர்னா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூடவே கேலனைத் திட்டுவதும் கேட்டது. கீழ் இழுப்பறையைத் திறந்தேன். எண்ணெய்த் தாளைப் பிரித்தேன். துருவின் வாடைகூட இல்லை. என் துப்பாக்கியின் கல் பூட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். சொன்னேனே, பத்து நிமிடம். மறுநாள் மழை என்று அவனே சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஈரத்தில் எது தவறாது என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், சார். மானுக்குக் கல். நான் அன்று மானைத் தேடிப் போகவில்லை.

மறுநாள் காலை நான்தான் முதலில் மலையேறினேன். பூட்டின்மேல் மாட்டுத்தோலைச் சுற்றியிருந்தேன். எல்லோரும் நனையாமல் இருக்க அப்படித்தான் சுற்றுவோம், யாரும் கேட்கப் போவதில்லை. ரஸல் தன் அப்பா உட்காரும் ஹெம்லாக் மரத்தின் அடிக்கட்டையில் போய் உட்கார்ந்தான். பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை ஒன்றை எடுத்துத் தின்றான். பழுப்புக் கோட்டு. மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சு உடை அந்தப் பருவத்தில் கட்டாயமில்லை. என்னிடமிருந்து எண்பது தப்படி. தோலை உருவினேன். அவன் என் பக்கம் திரும்பிக் கையைக்கூட ஆட்டினான், மான் எங்கே என்று கேட்கிற மாதிரி. விசையை இழுத்தேன்.

வெளிச்சம் இல்லை, காத்திருப்பு இல்லை. விரல் அசைந்ததும் சத்தம் வந்துவிட்டது. அது நல்ல பூட்டு. அந்த விஷயத்தில் கேலன் சொன்னது சரி.

கேப் வெடித்துவிட்டால் எண்ணத் தேவையில்லை. ஆனாலும் எண்ணினேன். குழலை அவனைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு, அசையாமல். ரஸல் உடனே சாகவில்லை. நாற்பத்தொன்று வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். முதலில், "எல்வுட், பட்டுருச்சுடா, எறங்கி வா" என்றான். நான் வேண்டுமென்று சுட்டேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறகு வெறும் பெயர். அறுபது முடிந்த பிறகுதான் இறங்கினேன். கேலனுக்கு நான் கற்றுக்கொடுக்க முயன்றதும் இந்தப் பொறுமையைத்தான்.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். பையில் கொண்டுபோயிருந்த கல் பூட்டை அங்கேயே திரும்ப மாட்டினேன். கிண்ணியில் கொஞ்சம் மருந்து தூவி எரித்துக் கருக்கினேன். சாலைக்கு இறங்கி உங்களைக் கூப்பிட்டேன். கிண்ணி எரிந்தது, குழல் வெடிக்கவில்லை, இறக்கினேன், குழல் ரஸல் பக்கம் திரும்பியபோது தாமதமாக வெடித்துவிட்டது என்றேன். நீங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை நடந்ததுதானே. வெர்னா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ எண்ணியிருப்ப, எனக்குத் தெரியும். உன் கை அப்படி" என்று அழுதாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டு அழுதது அன்றுதான்.

பூட்டை மாற்றும்போது விரல் விறைத்து, அந்த வெடித்த கேப் பனியில் விழுந்துவிட்டது. முழங்காலில் நின்று தேடினேன். கிடைக்கவில்லை. பனி உருகியதும் உங்கள் ஆள் கண்டெடுத்திருக்கிறான். இப்போது உறையைத் திருப்புங்கள். ஆமாம், அதுதான். பூட்டு என் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, அதே எண்ணெய்த் தாளில்.

அதைப் பார்த்துப் பயந்து ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வக்கீல் வந்தால் அந்தக் கேப் அக்டோபரில் விழுந்தது என்பான். நான் பேசுவதற்குக் காரணம் வேறு. போன வாரம் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல் துப்பாக்கி ஒரே குடும்பத்தில் இரண்டு பேரைத் தின்றுவிட்டது, அதைத் தடை செய்ய வேண்டும் என்று நேற்றுப் பிறந்த ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கல் துப்பாக்கி யாரையும் கொல்லவில்லை. ரஸலைக் கொன்றது கேப். இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஜனவரியில் கேப் போட்டது தனிக் குற்றம், அதையும் சேர்த்து எழுதுங்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் நான் வேட்டைச் சட்டத்தை மீறியது அந்த ஒரு நாள்தான். வெட்கமாக இருக்கிறது.

வெர்னாவிடம் நீங்கள்தானே போய்ச் சொல்வீர்கள். அவள் அண்ணனை நான் சுட்டேன் என்று சொல்லுங்கள். முந்தின நாளே முடிவு செய்து, பூட்டு மாற்றிக்கொண்டு போய்ச் சுட்டேன் என்று சொல்லுங்கள். அவன் கூப்பிடக் கூப்பிட நின்று எண்ணினேன் என்பதையும் மறைக்க வேண்டாம். அவள் தாங்குவாள். நான் ஓடைக்கு மேலிருந்து கத்தினதாக ரஸல் சொன்னானே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த வழக்குக்கு அது தேவையில்லை. கேலனைப் பற்றிக் கேட்டால், ஒன்பதோடு நிறுத்திவிட்டான் என்று மட்டும் சொல்லுங்கள், சார். அவள் அதற்குப் பழகிவிட்டாள்.